நாற்பது சீட்டு, மூன்று வெற்றி

என் மேஜை இழுப்பறையில் ஒரு பழைய செருப்பு டப்பா கிடக்கிறது. உள்ளே 40 சீட்டுகள். ஒன்பதாம் வகுப்புக்குத் தேர்தல் பாடம் நடத்தும் வாரத்தில் மட்டும் அது வெளியே வரும்.

பாடப் புத்தகத்தில் தேர்தல் ஆணையம், 18 வயது, நோட்டா எல்லாம் இருக்கின்றன. தேர்தல் முறைகளுக்கும் விளக்கம் உண்டு. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்து கடகடவென ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் எண்ணுகிற விதத்தை மாற்றினால் ஜெயிக்கிறவரே மாறிவிடுவார் என்பது ஒப்பித்தால் மண்டையில் ஏறாது. கையால் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சீட்டில் கேள்வி ஒன்றுதான்: சுற்றுலா எங்கே போகலாம்? கொடைக்கானல், தஞ்சாவூர், கன்னியாகுமரி. பிடித்த வரிசையில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும்.

"எங்க ஓட்டையெல்லாம் நீங்களே போட்டுட்டீங்களா சார்?" என்று யாராவது கேட்காத வருஷம் இல்லை. ஆமாம், அத்தனையும் நான் போட்ட கள்ள ஓட்டுதான். "நோட்டா எங்க சார்?" என்பது அடுத்த கேள்வி. நோட்டா ஜெயித்தால் அன்றைக்கும் பள்ளிக்கூடம் என்றதும் கேட்டவன் உட்கார்ந்துவிடுவான்.

முதல் சுற்றில் 1 போட்டதை மட்டும் எண்ணுகிறோம். கொடைக்கானல் 15, தஞ்சாவூர் 13, கன்னியாகுமரி 12. நம் சட்டமன்றத் தேர்தல் முறைப்படி கொடைக்கானல் ஜெயித்தாயிற்று. ஒரே ஆரவாரம். மீதி 25 பேர் அதற்கு முதல் இடம் தரவில்லையே என்று யாரும் கேட்பதில்லை.

அதே சீட்டுகளை மறுபடி எண்ணச் சொல்வேன். பாதிக்கு மேல் யாருக்கும் இல்லாததால் கடைசியாக வந்த கன்னியாகுமரியை நீக்கிவிட்டு, அந்த 12 சீட்டில் 2 எங்கே இருக்கிறது என்று பார்க்கிறோம். 9 தஞ்சாவூருக்கு, 3 கொடைக்கானலுக்கு. தஞ்சாவூர் 22, கொடைக்கானல் 18. ஆரவாரம் அந்தப் பக்கம் போய்விடும்.

மூன்றாவது எண்ணிக்கையில்தான் வகுப்பு அமைதியாகும். முதல் இடத்துக்கு 2 மதிப்பெண், இரண்டாம் இடத்துக்கு 1, கடைசிக்குச் சுழியம். கூட்டினால் கொடைக்கானல் 33, தஞ்சாவூர் 35, கன்னியாகுமரி 52! வெளியே தள்ளிய ஊர் முதலிடத்தில் நிற்கிறது. அதைக் கடைசியாக வைத்தவர் ஒருவர்கூட இல்லை என்பதைச் சீட்டைப் புரட்டி அவர்களே கண்டுபிடிப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் இப்படி மதிப்பெண் போட்டு எண்ணலாம் என்றவர் போர்டா என்ற பிரெஞ்சுக்காரர். பசிபிக் தீவு நாடான நவ்ருவில் இதன் சாயலில் நாடாளுமன்றத் தேர்தலே நடக்கிறது.

இதற்குப் பிறகு நிஜக் கணக்குகளைக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் தாங்களாகவே கிட்ட வருகிறார்கள். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அதிமுகவுக்கு நூற்றுக்கு 44 வாக்கு. 39-ல் 37 இடம். திமுகவுக்கு 23-க்கு மேல் வாக்கு. இடம் ஒன்றுகூட இல்லை. இதைவிட விசித்திரம் 1977 இலங்கை. ஐக்கிய தேசியக் கட்சி வாங்கியது பாதி வாக்கு, பிடித்தது 168-ல் 140 இடம். கிட்டத்தட்ட 30 சதவீதம் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8 இடம். 7 சதவீதம்கூட எட்டாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு, வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் குவிந்திருந்ததால், 18 இடம். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். மறு வருஷமே புது அரசியலமைப்பில் அங்கே விகிதாசார முறை வந்தது.

இரண்டாம் விருப்பம் நம் ஊரில் இல்லாத சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்வார்கள். குடியரசுத் தலைவரை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறோம். 1969-ல் முதல் எண்ணிக்கையில் வி.வி.கிரி, சஞ்சீவ ரெட்டியைவிட 87,967 வாக்கு மதிப்பு முன்னணி. பாதியைத் தொடவில்லை. சி.டி.தேஷ்முக் உள்ளிட்டவர்களின் சீட்டுகளைப் பிரித்து எண்ண எண்ண, பெரும்பகுதி சஞ்சீவ ரெட்டி பக்கம் போனது. கிரி கடைசியில் ஜெயித்தது 14,650-ல். இந்த இடத்தில் வகுப்பு கிரிக்கெட் பார்ப்பதுபோல் இருக்கும்.

குடவோலைக்கும் வருவோம். "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நாம ஓட்டுப் போட்டோம் சார்" என்று பெருமையாகச் சொல்லும் பையனிடம் உத்திரமேரூர்க் கல்வெட்டை விளக்க வேண்டியிருக்கும். சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது என்று தகுதி பார்த்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். அது ஓட்டு இல்லை, குலுக்கல். பெருமைக்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் வேறு வகைப் பெருமை. டப்பாவை மூடிக் குலுக்கி ஒரு சீட்டை எடுத்து அதில் உள்ள முதல் ஊரைப் படிக்கச் சொல்வேன். எந்த ஊரும் வரலாம்.

பிறகு வெற்றுச் சீட்டு கொடுத்து அவர்களையே நிரப்பச் சொல்வேன். இந்த வருஷம் ஒருத்தி 1 மட்டும் போட்டுவிட்டு மற்றதைக் காலியாக விட்டிருந்தாள். செல்லும். குடியரசுத் தலைவர் தேர்தலிலும் செல்லும். இன்னொருவன் கொடைக்கானலுக்கும் 1, கன்னியாகுமரிக்கும் 1. அங்கே அது செல்லாத ஓட்டு, அதையே சொன்னேன். "ரெண்டும் ஒரே மாதிரி பிடிச்சிருந்தா அவன் என்ன சார் பண்ணுவான்?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். ஆளுக்கு அரை ஓட்டு கொடுக்கலாம் என்றான் ஒருவன். அப்படியானால் தனக்கும் மூன்றில் ஒரு பங்காகப் பிரித்துத் தர வேண்டும் என்றான் இன்னொருவன். மணி அடித்தது. கணக்கு வாத்தியார் வாசலில் நின்றார். அந்தச் சீட்டை மட்டும் தனியே மடித்து டப்பாவின் மூடிக்குள் செருகி வைத்திருக்கிறேன். அடுத்த பீரியட் வியாழக்கிழமை.