பச்சைப் பொட்டின் பசி

கண்ணுக்குத் தெரியாத ஒரு பச்சைப் பொட்டு. உலர்த்தி நிறுத்தால் எடையில் சுமார் பாதி புரதம்! குளோரெல்லா என்ற இந்தப் பாசியின் மேல், யுத்தத்தில் நொந்து பசித்திருந்த ஜப்பானுக்கு ஆசை விழுந்ததில் வியப்பென்ன?

டோக்கியோவில் தாமியா என்ற விஞ்ஞானியும் அவர் சகாக்களும் 1953-ல் ஒரு வேலை செய்தார்கள். குஞ்சும் கிழமும் கலந்து கிடந்த பாசிக் கூட்டத்திலிருந்து குஞ்சுகளை மட்டும் பிரித்து வெளிச்சத்தில் வளர்த்தார்கள். எல்லாம் சேர்ந்தாற்போல் பருத்தன. சேர்ந்தாற்போலவே பல குஞ்சுகளாகப் பிரிந்தன. ஒரே அணுவின் ஆயுளைப் பெருக்கிப் பார்த்த மாதிரி!

அந்த ஆயுளில் நைட்ரஜன்தான் முக்கிய வரவு. நீரிலுள்ள நைட்ரேட்டை அணு உறிஞ்சி அம்மோனியாவாக்குகிறது. குளுட்டாமிக் அமிலம் அதை வாங்கிக்கொண்டு குளுட்டாமைனாகிறது. அங்கிருந்து மற்ற அமினோ அமிலங்களுக்குப் பட்டுவாடா. அவற்றைக் கோத்த மாலைதான் புரதம்.

நைட்ரேட்டை நிறுத்திவிட்டால்? வெயில் உண்டு, காற்று உண்டு. ஆனால் அணு பிரிவது நின்றுவிடும். பச்சை வெளுக்கும். அப்போதும் சும்மா இராமல் கொழுப்பைச் சேர்க்கும். அமெரிக்காவில் ஸ்போரும் மில்னரும் இப்படிப் பட்டினி போட்டுப் பார்த்து 1949-ல் வெளியிட்ட கணக்கில், எடையில் முக்கால் பங்குக்கு மேல் கொழுப்பு! பட்டினி கிடந்து பருப்பவரை வேறெங்கே பார்க்க முடியும்?

வளர்ப்புச் செலவு கட்டுப்படியாகாததால், ஜப்பானியரின் கிண்ணத்தில் அரிசியின் இடத்தைக் குளோரெல்லா பிடிக்கவில்லை. இன்று அங்கே அது மாத்திரையாக விற்கிறது.