பட்டத்தில் ஒரு திருத்தம்

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்போது நாம் தவறாது கவனிப்பது ஒன்றுண்டு. வேலை செய்தவரின் பெயரும் கூலி பெறுபவரின் பெயரும் ஒன்றாக இருத்தல் வேண்டும். சென்ற சம்பா நடவின்போது, காரைக்கால் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் இவ்விரண்டும் ஒத்துவரவில்லை.

அச்சங்கம் அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விடும் நடவு இயந்திரம் வயலின் நடுவே நின்றுவிட்டது. பாய் நாற்றங்காலில் நாற்று தயாராயிருந்தது. வாய்க்காலில் முறைத் தண்ணீரும் வந்துவிட்டது. நகரத்து மெக்கானிக்கோ இரண்டு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டார். அப்போது தலத்தெருவிலிருந்து ஓர் அங்கத்தினரின் மகள் வந்தாள். தொழிற்பயிற்சி பெற்றவள். அடைபட்டிருந்த எரிபொருள் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். தளர்ந்திருந்த சங்கிலியை இறுக்கினாள். பிற்பகலில் இயந்திரம் மறுபடி ஓடியது.

நாம் பார்வையிடச் சென்றபோது, அந்த வேலைக்கான வவுச்சர் எழுதப்பட்டிருந்தது. பணம் இன்னும் கொடுபடவில்லை. அதில் இருந்தது தந்தையின் பெயர். அவரோ ஸ்பேனர் பிடித்தறியாத விவசாயி.

காரியதரிசியை விசாரித்தோம். "பெண் பெயரில் மெக்கானிக் கூலி எழுதினால் மகாசபையில் நாலு பேர் கேட்பார்கள், அம்மா. அப்பா கையெழுத்தென்றால் வம்பில்லை" என்றார். அவர் நல்ல மனிதர். கணக்கில் ஒரு காசு பிசகாதவர். அன்று காலையில் நம்மைக் கண்டதும், "இன்ஸ்பெக்டர் ஐயா பின்னால் வருகிறாரா?" என்று கேட்டவரும் அவரே.

அந்தப் பெண்ணையும் கேட்டோம். "அப்பாவே கையெழுத்துப் போடட்டுங்க அம்மா. அடுத்த தடவை என்னைக் கூப்பிட்டாப் போதும்" என்றாள்.

அவள் விரும்பியது நியாயமானது. ஆனால் அதற்கு வழி அதுவன்று. காரியதரிசி மாறுவார், நிர்வாகக் குழு மாறும். நடவு இயந்திரத்தைச் சரிசெய்தவர் யார் என்று பின்னால் வருகிறவர்கள் புத்தகத்தைப் புரட்டினால், அதில் உள்ள பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.

சென்னையில் நடந்தது

இந்நிகழ்ச்சி நமக்கு ஸ்ரீமதி ஏ. லலிதாவின் வரலாற்றை நினைவூட்டியது. 1919-ஆம் ஆண்டில் சென்னையில் பிறந்த அவருக்குப் பதினைந்தாம் வயதில் மணமாயிற்று. பதினெட்டாம் வயதில் கணவரை இழந்தார். அப்போது கைக்குழந்தைக்கு நான்கே மாதம். அந்நாளில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டே உலகம். ஆனால் லலிதா படிக்கத் துணிந்தார். இராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் தேறினார். வைத்தியத் தொழிலைப் பற்றியும் எண்ணிப் பார்த்தார். குழந்தையை விட்டு நடு இரவில் ஓட வேண்டிவரும் என்று அதைத் தள்ளினார். நேரத்தோடு வீடு திரும்பக்கூடிய தொழில் என்றே என்ஜினீயரிங்கைத் தேர்ந்தார்.

தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் மின்சாரவியல் பேராசிரியர். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய அந்நிறுவனத்தில் அதுவரை பெண்கள் படித்ததில்லை. தந்தை முயன்றார், கல்லூரி முதல்வர் கே.சி. சாக்கோவும், கல்வித்துறைத் தலைவர் ஸ்டாத்தமும் இசைந்தனர். 1940-இல் லலிதா சேர்ந்தார். நூற்றுக்கணக்கான ஆண் மாணவர் நடுவே அவர் ஒருவரே பெண். பெண்களும் சேரலாம் என்ற விளம்பரத்தைக் கண்டு பின்னர் லீலாம்மா ஜார்ஜும், பி.கே. திரேசியாவும் சிவில் பிரிவில் சேர்ந்தனர்.

மூவரும் தேறிப் பட்டம் பெறும் வேளையில்தான் ஒரு சிறு சங்கடம் எழுந்தது. சான்றிதழ்த் தாளில் ஆண்பாற் சொல்லே அச்சாகியிருந்தது. பெண் ஒருத்தி அத்தாளைப் பெறுவாள் என்று அச்சிட்டவர்கள் எண்ணவேயில்லை. ஆகவே அச்சொல்லை மையால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். சிம்லாவில் அரசாங்கத் தர நிர்ணய அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே சகோதரர் குடும்பத்துடன் தங்கியதால் மகளைக் குறித்த கவலையின்றி வேலைக்குச் செல்ல முடிந்தது. மின்கம்பித் தடங்களையும் துணை மின்நிலையங்களையும் வகுத்தமைப்பது அவர் பணி. பக்ரா நங்கல் திட்டத்தின் மின்சார வேலைகளிலும் அவருக்குப் பங்குண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் என்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டில் கலந்துகொண்டார். 1977-இல் ஓய்வு பெற்று, 1979-இல் காலமானார். அவருடன் பயின்ற திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமை என்ஜினீயரானார்.

லலிதாவின் அறிவும் உழைப்பும் அவருடையவை. ஆயினும் தந்தையும் முதல்வரும் கதவைத் திறந்தனர். சகோதரர் வீடு குழந்தையைத் தாங்கிற்று. யாரோ ஒரு குமாஸ்தா பேனாவை எடுத்துத் தாளைத் திருத்தினார். பலர் கைகொடுத்து ஒருவரை உயர்த்துவதைத்தானே நாம் கூட்டுறவு என்கிறோம்?

தறியும் வயலும்

இது படித்த பெண்களின் விவகாரம், நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் நினைத்தல் வேண்டா. தறியும் ஓர் இயந்திரம்; நெசவும் ஒரு தொழில்நுட்பம். பாவு ஓட்டுவதிலும், அறுந்த இழையைப் பிணைப்பதிலும், தார் சுற்றுவதிலும் கை தவறினால் நெசவாளர் எவ்வளவு வல்லவராயினும் துணி உருப்படாது. இவ்வேலைகளைப் பெரும்பாலும் செய்வோர் பெண்கள். தறியில் அமர்ந்து நெய்வோரும் பலர். 2019-20-இல் எடுத்த அகில இந்தியக் கைத்தறிக் கணக்கின்படி, நாட்டிலுள்ள 35 லட்சத்துக்கு மேற்பட்ட கைத்தறித் தொழிலாளருள் 100-க்கு 72 பேர் பெண்கள். ஆனால் நாம் பார்க்கும் அங்கத்தினர் பதிவேடுகள் அப்படிப் பேசுவதில்லை. தறி ஒன்று, கைகள் நான்கு, பெயர் ஒன்று.

வயலிலும் அவ்வாறே. விதை நேர்த்தி செய்பவளும், களை இனம் அறிந்து பறிப்பவளும், அறுவடைக்குப் பின் உளுந்தைப் பதம் பார்த்துக் காயவைப்பவளும் பெண்ணே. பட்டா கணவர் பெயரில் இருப்பதனால் கடனும் அவர் பெயரில், பங்கும் அவர் பெயரில். கணவர் மறைந்தபின் சங்கத்துப் படியேறி வரும் கைம்பெண், முப்பதாண்டு உழைத்தும் புது ஆளாகவே நிற்பதை நாம் கண்டிருக்கிறோம்.

செய்யக்கூடியவை

பெரிய சீர்திருத்தம் எதையும் நாம் கேட்கவில்லை. முதலாவதாக, யார் வேலை செய்தாரோ அவர் பெயரிலேயே வவுச்சர் எழுதுங்கள். பணத்தை அவர் கையிலேயே கொடுங்கள். இரண்டாவதாக, உங்கள் சங்கத்தின் உபவிதிகளை ஒருமுறை படியுங்கள். தகுதியுள்ள பெண்களைத் தனிப் பங்குடன் அங்கத்தினராக்குங்கள். மூன்றாவதாக, மகளுக்கு இயந்திரத்தில் நாட்டமிருந்தால் தடுக்காதீர்கள். செருமாவிலங்கையில் 1987 முதல் வேளாண்மைக் கல்லூரி நடக்கிறது. காரைக்காலுக்கு 2010-இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமும் வந்துவிட்டது. அத்தனை படிக்க வசதியில்லையாயின் தொழிற்பயிற்சிப் படிப்பேனும் கொடுங்கள். படித்து வந்தவளுக்குச் சங்கமே முதல் வேலையைக் கொடுக்கட்டும்.

அந்தக் காரியதரிசி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். கணக்கில் பிழையைச் சுரண்டி அழிக்கக் கூடாது, படிக்கும்படி ஒரு கோடிட்டு அடித்து, மேலே சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் இடவேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவ்வாறே தந்தையின் பெயரை அடித்தார்; மகளின் பெயரைக் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதினார்; பக்கத்தில் ஒப்பமிட்டார். எண்ணெய்க் கறை போகாத விரல்களால் அவள் கையெழுத்திட்டுப் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டாள். அந்த வவுச்சரில் நாம் ஆட்சேபணை எதுவும் எழுதவில்லை.