சிறுதேர் முதல் லபுபு வரை

விளையாட்டுப் பொம்மை கலைப்பொருள் ஆகுமா என்னும் வினா இன்று உலகெங்கும் எழுந்துள்ளது. 2025 ஜூன் திங்களில் பெய்ஜிங் நகரில் நடந்த ஏலத்தில், ஒரு சிறுவன் உயரமுள்ள லபுபு பொம்மை ஒன்று 10,80,000 யுவானுக்கு விலைபோயிற்று. நம் நாணயத்தில் அது ஒரு கோடி ரூபாயை விஞ்சும். நீண்ட காதும் கூரிய பல்வரிசையும் கொண்ட இவ்வுருவை 2015இல் ஓவியர் காசிங் லுங் சிறுவர் படக்கதைகளுக்காகப் படைத்தார். அசலோ போலியோ, அதன் குட்டி வடிவம் நம் திருமுல்லைவாயில் மாணவியரின் புத்தகப் பைகளிலும் ஊசலாடக் காண்கிறோம்.

இவ்வகைப் பொம்மைகளுக்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. 1999இல் ஹாங்காங்கின் மைக்கேல் லாவ் நகர இளைஞரின் உருவங்களைப் பொம்மைகளாக்கிக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டில் அமெரிக்க ஓவியர் காஸ் தம் முதல் பொம்மையை ஜப்பானில் வெளியிட்டார். குழந்தைகளுக்கு என்றில்லாமல் வளர்ந்தோருக்காக, குறைந்த எண்ணிக்கையில், படைத்தவர் பெயரோடு வெளிவருவதே இவற்றின் தனித்தன்மை.

இவற்றைக் கலையென ஏற்க மறுப்போர் முதலில் கூறுவது, விளையாட்டுக்கு உரியது கலையாகாது என்பது. தமிழ் மாணவர் இதற்கு அயலாரிடம் விடை தேட வேண்டியதில்லை. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் தச்சன் செய்த சிறு தேரை உவமையாக்குகிறார். அதில் ஏறிச் செல்ல இயலாது. எனினும் கையால் இழுத்தே இளையோர் இன்புறுகின்றனர். பயன் வேறு, இன்பம் வேறு என்னும் நுட்பமான கலைக்கொள்கை இவ்வுவமையினுள் அடங்கியிருக்கிறது. பட்டினப்பாலையோ புகார்ச் சிறுவரின் மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகிறது. பிற்காலத்தில் சிறுதேர் உருட்டுதல் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் ஒரு பருவமாகவே அமைந்தது. நபிகள் நாயகத்தின் மீது பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் நம்மிடையே உண்டு.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளுள் துணிச் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என நபிகள் நாயகம் (ஸல்) வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகுகள் இருந்தமையைக் கேட்டதில்லையா என்று அவர் மறுமொழி கூற, பெருமானார் சிரித்தார்கள் என அபூதாவூத் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. குதிரைக்குச் சிறகு வைத்த அந்தக் கற்பனையைச் சிறுபிள்ளை விளையாட்டு என ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

அச்சில் வார்த்தது கலையாகாது என்பது அடுத்த தடை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. அதன் அருகில் வாழும் நமக்கு டை மேக்கர் என்னும் அச்சு வல்லுநரைத் தெரியும். மயிரிழை பிசகினாலும் பொருள் கெடும் வேலை அது. வினைல் பொம்மைக்கும் முதலில் மெழுகிலோ களிமண்ணிலோ உருவம் வனையப்படுகிறது. பிறகே உலோக அச்சு எடுத்து, வினைல் குழம்பை ஊற்றிச் சூடேற்றி வார்க்கின்றனர். நம் தஞ்சாவூர்ப் பொம்மையும் அச்சில் பிறப்பதே. காகிதக்கூழை இரண்டு அரை அச்சுகளில் வார்த்து இணைத்து, உலர்த்தித் தேய்த்து வண்ணம் தீட்டுவர். ராஜா ராணிப் பொம்மையின் அடி அரைக்கோளமாய்க் களிமண்ணால் கனத்திருக்கும். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும். ஆடும் மங்கையின் உடலோ தனித்தனிப் பாகங்களாய்க் கம்பிமுனையில் தாங்கப்பட்டு, சிறு காற்றுக்கும் அசையும். இயற்பியலும் அழகும் இவ்வளவு இயல்பாய்க் கைகோத்த பொருள்கள் சிலவே. இறுதியில் கண்ணும் மீசையும் வரையும் தூரிகைக்கு அச்சு ஏது?

எனவே வடிவமைப்புப் பொம்மை கலையாகத் தகும் என்பதே நம் கருத்து. ஆனால் ஏலத் தொகை அதற்குச் சான்றாகாது. உள்ளே எந்த உருவம் உள்ளதென அறியாமல் வாங்கும் மூடுபெட்டி வணிகத்தைச் சூதின் நிழல் என்றே சொல்லவேண்டும். விலை ஏறட்டும் எனப் பெட்டியைப் பிரிக்காமல் பூட்டி வைப்பவர் சேர்ப்பது பணத்தையே. கீரனாரின் சிறுவன் தேரை இழுத்தாவது மகிழ்ந்தான்.

இதில் நமக்கு உறுத்தலாகத் தோன்றுவது பெயர் பற்றியது. லாவ், காஸ், லுங் என்னும் பெயர்களை உலகம் அறியும். தஞ்சைப் பொம்மையை வாங்குவோர் எவரேனும் செய்தவர் பெயரைக் கேட்டதுண்டா? 2008-09இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. இஸ்லாமியக் கைவினைஞர் பலர் மரம் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றும் சன்னபட்டணத்துப் பொம்மைகளுக்கும் அத்தகைய குறியீடு உண்டு. ஆங்கும் ஊர் தெரிகிறது, கை தெரிவதில்லை. பெயர் தெரியாதவரிடம் வாங்குவோர் பேரம் பேசுவர்; பெயர் பெற்றவரிடம் அவர் சொன்ன விலையைக் கொடுப்பர். கலைஞர் என்னும் மதிப்பு, கூலியையும் தொடும் செய்தியாகும்.

கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் புதுதில்லியில் பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் அமைத்து, பொம்மைக்குக் கண்ணாடிப் பேழையில் இடம் தேடித் தந்தார். நம் துறை மாணவர் கைவினைகள் குறித்துக் கள ஆய்வுக்குச் செல்லும்போது, பொருளின் பெயரோடு செய்தவர் பெயரையும் அவருக்குக் கற்பித்தவர் பெயரையும், அவர்தம் இசைவு பெற்று, முதற் பக்கத்திலேயே எழுதிவரத் தொடங்கலாம்.