டேட்டா சென்டர்: 'வேண்டாம்' என்று சொல்ல யாரால் முடிகிறது?

வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம், ஜிபே கணக்கு, ஆன்லைனில் எடுக்கும் பட்டா நகல் எல்லாம் எங்கோ ஒரு கட்டிடத்தில் இரவு பகலாக ஓடும் கணினிகளில்தான் இருக்கின்றன. அந்தக் கட்டிடம்தான் டேட்டா சென்டர். தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் அம்பத்தூர், சிறுசேரி பக்கம் இருக்கின்றன. கடலடி கேபிள்கள் சென்னையில் கரையேறுவது அதற்கு முக்கியக் காரணம். மின்வரிச் சலுகை உள்ளிட்ட உதவிகளோடு 2021-இல் மாநில அரசு இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு ஒவ்வொரு மையமும் கேட்கும் நிலமும் மின்சாரமும் பல மடங்காகிவிட்டன. விழுப்புரம் மாவட்டத்துக் கோலியனூர் மாதிரி ஊர்களும் இந்த விவகாரத்தை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் தண்ணீர். சூடேறும் கணினிகளை, தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறையில், 1 யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 1.8 லிட்டர் தண்ணீர் போகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 10 மெகாவாட் மையம் என்றால் மணிக்கு 10,000 யூனிட். ஒரு நாளைக்கு 4.32 லட்சம் லிட்டர். ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. அந்த அளவில் இது சுமார் 7,800 பேரின் ஒரு நாள் தண்ணீர். காற்றால் குளிர்வித்தால் தண்ணீர் மிச்சமாகும், மின்சாரம் கூடும். எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டு 2021 வெள்ளத்தில் உடைந்ததைப் பார்த்த விழுப்புரம் விவசாயிக்குத் தண்ணீர்க் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர்ப்பு எல்லா இடத்திலும் எழுகிறது. எடுபடுவதுதான் ஆளைப் பொறுத்திருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், மனாசஸ் போர்க்களத்தை ஒட்டி 2,000 ஏக்கருக்கு மேல் டேட்டா சென்டர் வளாகம் திட்டமிட்டார்கள். பக்கத்தில் வசதியான வீட்டுக்காரர்கள். வழக்கு போட்டார்கள், 2025 ஆகஸ்டில் நிலவகை மாற்றம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அதே நாட்டின் மெம்பிஸ் நகரத்தின் தென்மேற்கில், கருப்பின மக்கள் வாழும் பாக்ஸ்டவுன் அருகே, எலான் மஸ்க்கின் எக்ஸ்ஏஐ நிறுவனம் 2024-இல் மையத்தைத் தொடங்கி, மின்சாரத்துக்காக எரிவாயு டர்பைன்களை உரிமம் வருமுன்பே ஓட்டியது. மக்கள் எதிர்த்தும், 2025 ஜூலையில் 15 டர்பைன்களுக்கு உரிமம் கிடைத்தது.

நம் பக்கத்திலும் இதே கதைதான். 2025 அக்டோபரில் விசாகப்பட்டினத்துக்கு 1,500 கோடி டாலர் முதலீட்டை கூகுள் அறிவித்தது. அதற்காகக் கேட்கப்பட்ட இடங்களில் ஒன்றான தர்லுவாடாவில் எதிர்ப்புத் தெரிவித்தவர்களில், அரசு முன்பு ஏழைகளுக்கு ஒப்படைத்த நிலத்தில் பயிரிடுகிறவர்களும் உண்டு. இன்னும் பக்கத்தில், டேட்டா சென்டர் அல்ல என்றாலும், செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை விரிவாக்கத்தை எதிர்த்த மேல்மா விவசாயிகளில் ஏழு பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டமே பாய்ந்தது. கண்டனம் வலுத்த பிறகு அவர்களில் ஆறு பேர் மீது அது விலக்கப்பட்டது. நிலத்துக்காகப் போராடிய விவசாயியைக் குண்டர் என்றது பெரும் அநீதி.

ஊருக்குள்ளும் எல்லாரும் ஒரே நிலையில் இல்லை. பட்டாதாரருக்கு இழப்பீடு உண்டு. குத்தகைக்கு உழுபவர், கரும்பு வெட்டும் கூலியாள், களையெடுக்கும் பெண், ஏரிப் புறம்போக்கில் ஆடு மேய்ப்பவர் ஆகியோரின் பிழைப்பு எந்தப் பத்திரத்திலும் பதிவாவதில்லை. சிப்காட் நிலம் எடுக்கும் 1997 மாநிலச் சட்டத்தில், 2013 மத்தியச் சட்டம் கேட்கும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. போதாததற்கு, ஏரி, ஓடை உள்ள நிலத்தையும் பெரிய திட்டங்களுக்காக ஒருங்கிணைக்க 2023-இல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. வேலை கிடைக்கும் என்பார்கள். கட்டும்போது நிறையப் பேருக்குக் கிடைக்கும். கட்டி முடித்தபின் நிரந்தர வேலை சொற்பம், அதிலும் பெரும்பகுதி படித்த தொழில்நுட்ப ஆட்களுக்கு.

டேட்டா சென்டரே கூடாது என்பதல்ல என் வாதம். போனைப் பயன்படுத்தும் நம் எல்லாருக்கும் அது தேவை. அதன் சுமையை, வக்கீல் வைக்க முடியாதவர் தலையிலேயே ஏற்றுவதைத்தான் ஏற்க முடியாது. கோலியனூர் ஒன்றியத்துக்கு இப்படி ஒரு திட்டம் வந்தால், தண்ணீர் எந்த ஆழ்துளைக் கிணற்றிலிருந்து, எத்தனை லிட்டர், எத்தனை டீசல் ஜெனரேட்டர், நிரந்தர வேலை எத்தனை பேருக்கு, குத்தகைதாரருக்கும் கூலிக்காரருக்கும் என்ன என்று கிராம சபையில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றுங்கள். நிலமில்லாதவர்களும் அந்தக் கூட்டத்துக்குக் கட்டாயம் வர வேண்டும்.