அம்பாசடர் காரின் திசைகாட்டி விளக்குகளும் அவற்றின் கோளாறுகளும்

கொல்கத்தாவிற்கு வடக்கே ஹூக்ளி ஆற்றின் மேல்கரையில் உத்தர்பாரா என்னும் ஊர் உள்ளது. 1942ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து 1948ஆம் ஆண்டில் இவ்விடத்திற்குப் பெயர்ந்தது. பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை முன்மாதிரியாகக் கொண்டு 1950களின் இறுதியில் இங்கே செய்யப்படலான அம்பாசடர், 2014ஆம் ஆண்டு மே மாதம் வரை வெளிவந்தது. அதன் பின்னர்ப் புதிய வண்டி ஏதும் பிறக்கவில்லை. எனினும் கொல்கத்தாவின் மஞ்சள் வாடகைக் கார்களாகவும், ஸ்டேட்ஸ்மன் பழங்கார் அணிவகுப்பில் கலந்துகொள்ளும் பேணப்பட்ட வண்டிகளாகவும், பல ஊர்களில் குடும்ப வண்டிகளாகவும் எஞ்சியிருப்பவை உண்டு. மல்லிக் பஜார்க் கடைகளில் இவற்றின் உறுப்புகளைத் தேடுவோர் இன்றும் உளர்.

இவ்வண்டிகளில் அடிக்கடி பழுதடைவதும், பழுதடைந்தபின் பெரும்பாலும் தவறான இடத்தில் பழுது பார்க்கப்படுவதும் திசைகாட்டி விளக்குகளே. ஓட்டுநர்கள் இவற்றை இண்டிகேட்டர் என்பர். எரியாத விளக்கினால் விளையும் தீங்கு ஒருவகை. பொய்யான குறியினால் விளையும் தீங்கு அதனினும் கொடியது. வலப்புறம் திரும்ப எண்ணிய ஓட்டுநர் உள்ளே விசையைத் தள்ளிவிட்டுத் தம் குறி வெளியே தெரிகின்றது என்று நம்புகின்றார். பின்னால் வரும் மிதிவண்டிக்காரரோ ஒன்றும் காணாமல் வலப்பக்கமாக முந்த முயல்கின்றார். விளக்கு பழுது என்று முன்பே அறிந்த ஓட்டுநர் கையை நீட்டியாவது குறி காட்டியிருப்பார்.

இக்கோளாறுகளைக் கண்டறிவதற்கு முதற்கண் மின்சாரம் செல்லும் வழியை அறிதல் வேண்டும். பழைய வண்டிகளில் காணப்படும் லூக்காஸ் முறையில், மின்கலத்திலிருந்து தொடக்கச் சாவி வழியாக வரும் மின்சாரம் உருகிப் பெட்டியின் ஏ3 முனையை அடைந்து, உருகியைக் கடந்து ஏ4 முனையில் வெளிப்படுகின்றது. அங்கிருந்து பச்சைக் கம்பி வழியாக, மினுக்கி அல்லது பிளாஷர் எனப்படும் சிறு உருளைக்குச் செல்கின்றது. மினுக்கியிலிருந்து இளம்பச்சையில் பழுப்புக் கோடிட்ட கம்பி திசைவிசைக்குப் போகின்றது. விசையிலிருந்து பச்சையில் சிவப்புக் கோடிட்ட கம்பி இடப்பக்க விளக்குகளுக்கும், பச்சையில் வெள்ளைக் கோடிட்ட கம்பி வலப்பக்க விளக்குகளுக்கும் பிரிகின்றன. பல கைகளில் பழுது பார்க்கப்பட்ட வண்டிகளில் இந்நிறங்களை முற்றிலும் நம்புதல் இயலாது. கிடைத்த கம்பியைக் கொண்டு ஒட்டுப் போட்டிருப்பார்கள். விளக்குகளினின்று மின்சாரம் திரும்புவதற்குத் தனிக் கம்பி இல்லை. காரின் இரும்பு உடலே திரும்பும் வழி. இதனையே நிலத்தொடர்பு அல்லது எர்த் என்கிறோம்.

மினுக்கியின் இயக்கம் வெப்பவியலுக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டாகும். பழைய சூட்டுக்கம்பி வகையில் மெல்லிய கம்பியொன்று இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். அதன் இழுவையே தொடுமுனைகளைப் பிரித்து வைத்திருக்கின்றது. விசையைத் தள்ளியதும் சிறிதளவு மின்னோட்டம் அக்கம்பியின் வழியாகவும் ஒரு தடையின் வழியாகவும் விளக்குகளுக்குச் செல்கின்றது. விளக்குகளை எரிக்க அது போதாது. ஆயினும் கம்பியைச் சூடாக்கப் போதும். சூடேறிய கம்பி நீள்கின்றது, முனைகள் கூடுகின்றன, முழு மின்னோட்டம் பாய்ந்து விளக்குகள் எரிகின்றன. அப்பொழுது மின்சாரம் கம்பியை விட்டு முனைகளின் வழியே செல்வதால் கம்பி குளிர்ந்து சுருங்கி, முனைகளை மீண்டும் பிரிக்கின்றது. முழு மின்னோட்டம் செல்லும் சுருள் மற்றொரு சிறு தகட்டைக் காந்தத்தால் இழுத்து, ஓட்டுநரின் முன்னுள்ள காட்டி விளக்கையும் எரியச் செய்கின்றது. பின்னர் வந்த தகட்டு வகை மினுக்கியில் விளக்குகள் முதலில் எரிகின்றன. விளக்குகளுக்குச் செல்லும் மின்னோட்டமே உலோக நாடாவைச் சூடாக்கி, தகட்டைத் துள்ளச் செய்து, தொடர்பை அறுக்கின்றது.

இரு வகைகளும் விளக்குகள் இழுக்கும் மின்னோட்டத்தை நம்பியே இயங்குகின்றன என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 21 வாட் பல்பு ஒன்று 12 வோல்ட் அழுத்தத்தில் 1.75 அம்பியர் இழுக்கும். முன்னும் பின்னும் இரண்டு சேர்ந்தால் 3.5 அம்பியர். ஒரு பல்பு அணைந்துவிடின் மின்னோட்டம் பாதியாகின்றது. அப்போது சூட்டுக்கம்பி வகையில் காட்டி விளக்கு எரியாது. தகட்டு வகையில் எஞ்சிய விளக்கு மிக மெதுவாக மினுக்கும், அல்லது அணையாமல் நிலையாக எரியும். இக்காலத்து மின்னணு மினுக்கியோ வேண்டுமென்றே படபடவென்று விரைந்து மினுக்கும்படி செய்யப்பட்டுள்ளது. ஆகவே பிறழ்ந்த மினுக்கம் பெரும்பாலும் மினுக்கியின் குற்றமன்று. அது எங்கோ ஒரு பல்பு எரியவில்லை என்று சொல்லும் செய்தி.

பழுது பார்ப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: கோளாறு இருபுறமுமா, ஒருபுறம் மட்டுமா?

ஒருபுறம் ஒழுங்காக மினுக்குமாயின் உருகியும் மினுக்கியும் நல்ல நிலையில் உள்ளன என்பது தெளிவு. அவற்றைக் கழற்றிக் காலத்தையும் பணத்தையும் வீணாக்க வேண்டியதில்லை. பழுதான பக்கத்துப் பல்பை எடுத்து, நல்ல பக்கத்தில் இட்டுப் பார்த்தல் எளிய சோதனை. பல்பு நன்றாயின் ஐயம் பிடிப்பானின் மீதும் நிலத்தொடர்பின் மீதும் விழுகின்றது. கொல்கத்தாவில் ஆண்டுக்குச் சுமார் 1,700 மில்லிமீட்டர் மழை பெய்கின்றது. அதன் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் பொழிகின்றது. தெருக்களில் தேங்கும் நீரில் நின்ற வண்டியின் விளக்குக் கூட்டிற்குள் ஈரம் புகுந்து, பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பும் இரும்பில் துருவும் படிகின்றன. புதுவண்ணம் பூசப்பெற்ற வண்டியில் வேறொரு தொல்லை உண்டு. விளக்குக் கூட்டிற்கும் உடலிற்கும் இடையே வண்ணப்பூச்சு புகுந்து மின்சாரம் திரும்பும் வழியை அடைத்துவிடும். வண்டி பளபளக்கும், விளக்கு எரியாது.

இத்தகைய தடையின் விளைவை ஆசிரியர்கள் வகுப்பிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். எரியும் நிலையில் 21 வாட் பல்பின் தடை ஏறத்தாழ 6.9 ஓம். துருவினால் 2 ஓம் தடை சேர்ந்ததாகக் கொள்வோம். மொத்தம் 8.9 ஓம், மின்னோட்டம் 1.35 அம்பியராகக் குறைகின்றது. இழையின் தடை மாறாதிருப்பதாக வைத்துக்கொண்டால், பல்பிற்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 12.5 வாட் மட்டுமே. ஒளியோ இவ்விகிதத்தினும் மிகுதியாகக் குன்றும். ஏனெனில் இழையின் வெப்பம் சிறிது தாழ்ந்தாலும் ஒளி பெரிதும் தாழ்கின்றது. நண்பகல் வெயிலில் அவ்விளக்கு எரிவதாகவே பிறர் கண்ணுக்குப் படாது.

நிலத்தொடர்பு அறவே அற்றுப்போயின் வியப்பான காட்சியொன்று தோன்றும். இடப்புறக் குறியை இட்டால் பின்புறச் சிவப்பு விளக்குகள் மங்கலாகத் துடிக்கும். திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம், அதே கூட்டிலுள்ள வால் விளக்கின் இழைக்குள் புகுந்து, மறுபுறத்து வால் விளக்கின் வழியாக உடலை அடைவதே இதன் காரணம். பேய் பிடித்ததென்று சிரிக்கும் பணியாளர் உடனே கம்பிகளை அவிழ்க்கத் தொடங்குவர். அது வேண்டாத வேலை. மின்கலத்தின் நிலத்தொடர்பு முனையிலிருந்து நீண்ட கம்பியொன்றைக் கொண்டுவந்து விளக்குக் கூட்டின் உலோகத்தில் தொட்டால், விளக்கு உடனே ஒழுங்காகும். பிறகு திருகைக் கழற்றி, அதன் அடியை வெறும் உலோகம் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கியபின் வாசலின் தடவி மூடுதல் நலம். உடலே துருவில் அரித்துப்போன வண்டியில் கூட்டிற்குத் தனிக் கம்பி இழுத்துவிடுதலே நிலையான பரிகாரம்.

இனி, இருபுறமும் இயங்காவிடின் பொதுவான பகுதியில் தேடுதல் வேண்டும். துடைப்பானும் எண்ணெய் அளவுகாட்டியும் தடுப்பு விளக்கும் அதே ஏ4 முனையிலிருந்து மின்சாரம் பெறுவன. அவையும் நின்றிருந்தால் உருகியைப் பார்க்க. அவை இயங்கினால் மினுக்கிக்குச் செல்க. சோதனை விளக்கின் ஒரு முனையை உடலிலும் மறுமுனையை மினுக்கியின் மின்கலப் பக்கத்திலும் வைத்தால், சாவி திறந்த நிலையில் அது எரிதல் வேண்டும். எரியுமாயின், மினுக்கியின் வரும் முனையையும் விளக்கு முனையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்து விசையைத் தள்ளுக. விளக்குகள் நிலையாக எரிந்தால் மினுக்கி பழுது. எரியாவிட்டால் விசையோ அதற்குச் செல்லும் கம்பியோ பழுது. சில பழைய மாரிஸ் வகை வண்டிகளில் விசை திருப்பு சக்கரத்தின் நடுவில் அமைந்து, கம்பிகள் தண்டின் உள்ளே குழாய் வழியாக இறங்குகின்றன. அங்கே உறை தேய்ந்து கம்பி வெளிப்படுவதுண்டு. திரும்பி முடிந்ததும் விசை தானே மீளாவிடின் உள்ளேயுள்ள பற்கட்டை தேய்ந்திருக்கும். இதனைச் சிறு குறையென்று ஒதுக்கும் ஓட்டுநர், நேர்வழியில் செல்லும்பொழுதே திரும்புவதாகப் பிறர்க்கு அறிவித்துக்கொண்டு செல்வார்.

உருகி அடிக்கடி உருகுமாயின் தடித்த கம்பியையோ சிகரெட் தாளின் வெள்ளீயத்தையோ சுற்றி வைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் காணப்படுகின்றது. உறை கிழிந்த கம்பி எங்கோ உடலில் தொடுகின்றது என்பதையே உருகி தெரிவிக்கின்றது. அதன் வாயை அடைத்தால் கம்பித் தொகுதியே உருகியாகிக் கருகும். பெட்ரோல் வண்டியில் இதன் முடிவைச் சொல்ல வேண்டியதில்லை. சூட்டுக்கம்பி மினுக்கியும் கணநேரக் குறுக்குத் தொடர்பில் கெட்டுப்போகும். ஆதலால் புதியதைப் பொருத்துமுன் கம்பியின் குற்றத்தைக் களைதல் முறை.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, மினுக்கம் நிமிடத்திற்கு 60க்குக் குறையாமலும் 120க்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்கின்றன. கடிகாரத்தைக் கொண்டு 15 வினாடியில் 15 முதல் 30 வரை எண்ணினால் போதும். டைனமோ உள்ள வண்டியில் இயந்திரம் மெல்ல ஓடுகையில் மின்னழுத்தம் தாழ்ந்து மினுக்கம் தளர்வது இயல்பு; அதனைக் கோளாறென்று கொள்ளாது, இயந்திரத்தைச் சற்று விரைவாக ஓட்டி மறுபடி எண்ணுக.

அண்மைக் காலத்தில் எல்.இ.டி. பல்புகளைப் பழைய வண்டிகளில் பொருத்துவோர் மிகுந்துள்ளனர். இவை இரண்டு மூன்று வாட் அளவே இழுப்பதால் வெப்ப மினுக்கி சூடேறுவதில்லை. விளக்குகள் மினுக்காமல் நின்றுவிடுகின்றன. மின்னணு மினுக்கியை மாற்றாகப் பொருத்தலாம். ஆயின் முன்பு அதன் முனைவாகை நோக்குதல் வேண்டும். பழைய பிரிட்டிஷ் முறை வண்டிகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. சாதாரண பல்பிற்கும் வெப்ப மினுக்கிக்கும் இதில் வேறுபாடில்லை. மின்னணுக் கருவியோ தலைகீழாக இணைத்தால் கெடும். மினுக்கியை மாற்றாமல், பல்பிற்குப் பக்கத்தில் சுமார் 7 ஓம் தடையொன்றை இணைப்பதும் உண்டு. அத்தடை பழைய பல்பைப் போன்றே ஏறத்தாழ 21 வாட் ஆற்றலை வெப்பமாக்கும். எனவே அதனைக் கம்பித் தொகுதியோடு சேர்த்துக் கட்டாமல் உடலின் வெறுந்தகட்டின்மேல் திருகிப் பொருத்துதல் வேண்டும்.