விட்டு விட்டுக் கெடும் வட்டு

வீட்டில் நான்கு ஹார்டு டிஸ்க்குகளை ஒரு பெட்டிக்குள் கோத்து, குடும்பப் படங்களையும் வீடியோக்களையும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த தொல்லை இது. மூன்றாவது டிஸ்க் விலகிவிட்டது என்று ஒருநாள் எச்சரிக்கை வரும். அணைத்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வந்துவிடும். சில நாள் கழித்து மறுபடியும் காணாமல் போகும். அடியோடு செத்த டிஸ்க்கால் பிரச்சினை இல்லை, கழற்றிவிட்டுப் புதிது மாட்டலாம். இந்த ரகம் அப்படியல்ல. பல் டாக்டர் வீட்டுப் படியேறியதும் வலி நின்றுவிடுமே, அந்த மாதிரி: சோதிக்கப் போனால் எல்லாம் சரியாக இருக்கும்.

இப்படிப் பல டிஸ்க்குகளைக் கோத்து ஒன்றாக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர்; அந்தப் பெயர் 1988இல் ஒரு கட்டுரையில் வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை அது. விலை கூடிய ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பலவற்றைச் சேர்த்து, ஒன்று போனாலும் மற்றவற்றிலிருந்து தகவலைக் கணக்கிட்டு மீட்கும் வழியைச் சொன்னார்கள். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு டிஸ்க்குக்கு இரண்டே நிலைதான்: இயங்குகிறது, அல்லது போய்விட்டது. நடுவில் தள்ளாடும் டிஸ்க்குக்கு அதில் இடமில்லை. தடுமாறினால் ரெய்டு அதை வெளியே தள்ளிவிடும். வெளியே தள்ளப்பட்டது கெட்டுப்போனதுதான் என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். அங்கேதான் தவறுகிறது.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையை ஸ்மார்ட் என்ற குறிப்பேட்டில் எழுதி வைக்கிறது. அதில் முதலில் பார்க்க வேண்டியவை 5, 197, 198, 199 ஆகிய எண்கள். படிக்க முடியாமல் திணறிய செக்டார்கள், அதாவது வட்டின் சிறு துண்டுகள், 197இல் காத்திருக்கும். அதே இடத்தில் மறுபடி எழுதும்போது எழுத்து நிலைத்தால் பட்டியலிலிருந்து நீங்கும். நிலைக்காவிட்டால் மாற்று இடம் ஒதுக்கப்பட்டு 5இல் கணக்கு ஏறும். இவையும் 198உம் வட்டின் நோய்கள். 199 வேறு கதை. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தகவல் வழியில் சிதைந்ததை அது எண்ணுகிறது. 5, 197, 198 மூன்றும் சுழியமாக இருந்து 199 மட்டும் ஏறினால் முதலில் சாட்டா கேபிளை மாற்றுங்கள். இந்த எண் ஒருபோதும் இறங்காது. பழைய கணக்கைக் கண்டு பதற வேண்டாம், கேபிள் மாற்றிய பிறகும் கூடுகிறதா என்பதே கேள்வி.

இன்னொரு காரணம் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படும். மேசைக் கணினிக்கென்று செய்த பல டிஸ்க்குகள் ஒரு மோசமான செக்டாரைப் படிக்க ஒரு நிமிடத்துக்கும் மேலாகப் போராடும். தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு அது நல்ல குணம், ஏனென்றால் அந்தத் தகவல் வேறெங்கும் இல்லை. ஆனால் லினக்ஸ் வழக்கமாக 30 விநாடிதான் பொறுக்கும். பதில் வராவிட்டால் இணைப்பையே உலுக்கிப் பார்க்கும். அப்போதும் பேசாத டிஸ்க் வெளியேற்றப்படும். ஒரே ஒரு செக்டாருக்காக முழு டிஸ்க்கும் போகிறது. ரெய்டுக்கென்று விற்கும் டிஸ்க்குகள் சுமார் 7 விநாடியில் தோல்வியை ஒப்புக்கொள்ளும். ரெய்டு மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு அங்கேயே திரும்ப எழுதிவிடும். மற்ற டிஸ்க்குகள் சிலவற்றிலும் 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளையால் இந்த வரம்பை வைக்கலாம். இடம் கொடுக்காத டிஸ்க் என்றால் லினக்ஸின் பொறுமையை 180 விநாடியாக நீட்ட வேண்டியதுதான்.

ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் விலகினால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பெரிய டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் தடத்தில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்து எழுந்தால் 8. ஒரே ஒயரைப் பிரித்து நான்குக்கும் கொடுக்கும் மலிவான ஸ்ப்ளிட்டரும் வயதான எஸ்எம்பிஎஸ்ஸும் அங்கேதான் தடுமாறும். அதிர்வுகூட ஒரு காரணம். 2008இல் சன் நிறுவனத்துப் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்குகளைப் பார்த்துக் கத்தினார். அவை பதில் சொல்லும் நேரம் எகிறியது திரையில் தெரிந்தது.

எது என்று பிடிக்க ஒரு பழைய வழி உண்டு. பேக்கப் எடுத்துவிட்டு, கணினியை அணைத்து, சந்தேக டிஸ்க்கை நல்ல டிஸ்க்கின் இடத்துக்கு மாற்றுங்கள். லினக்ஸின் மென்பொருள் ரெய்டு டிஸ்க்குகளை அவற்றில் எழுதியுள்ள அடையாளத்தால் அறிகிறது, இடம் மாறினாலும் குழம்பாது. கோளாறு டிஸ்க்கோடு போனால் டிஸ்க்; பழைய இடத்திலேயே நின்றால் கேபிள், போர்ட், மின்சாரம் இவற்றில் ஒன்று. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அவசரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் பிரச்சினை போகலாம், காரணம் தெரியாது.

ஸ்மார்ட் நன்றாக இருப்பதாகச் சொன்னால் நம்பலாமா? கூகுள் 2007இல் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையின்படி, செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல் முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. மறுபுறம், சோதனையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையற்றதைவிட 39 மடங்கு. கெட்ட செய்தியை நம்புங்கள்; நல்ல செய்தியை அரைமனதாகக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. தவறான டிஸ்க்கை உருவி மொத்த ரெய்டையும் கவிழ்ப்பது எளிது. லினக்ஸ் சொல்லும் எஸ்டிஏ, எஸ்டிபி பெயர்கள் அடுத்த தடவை இயக்கும்போது மாறிவிடலாம். தொடர் எண் மாறாது. எல்லாம் நன்றாக ஓடும் இன்றைக்கே, ஒவ்வொரு டிஸ்க்கின் தொடர் எண்ணில் கடைசி நான்கு எழுத்தையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி வெளியே தெரியும்படி ஒட்டிவிடுங்கள்.