கட்டிளமைப் பருவமும் 'அழியாத கோலங்கள்' திரைப்படமும்

தமிழிலே குழந்தைப் பருவத்தைப் பாடுதற்குப் பிள்ளைத்தமிழ் உண்டு. காப்பு முதலாகப் பத்துப் பருவங்கள் வகுத்துக்கொண்டு, செங்கீரையாடுவதையும் சப்பாணி கொட்டுவதையும் அம்புலியை அழைப்பதையும் புலவர்கள் சலியாது பாடினர். ஆயின், சிறுதேர் உருட்டும் வயதோடு அவ்விலக்கியம் பிள்ளையைக் கைவிட்டு விடுகின்றது. மறுபடியும் அவனை நாம் அகப்பாடலிலே சந்திக்கும்போது அவன் வேலேந்திய காளை, காதலிக்கத் தெரிந்தவன், பிரிவைத் தாங்கத் தெரிந்தவன். இடைப்பட்ட ஆண்டுகளில் அவனுக்கு என்ன நேர்ந்தது? பாட்டியல் நூலார் அவ்வாண்டுகளுக்கு மீளி, மறவோன், திறலோன் என்று வீரம் தொனிக்கும் பெயர்களைச் சூட்டியதோடு அமைந்தனர். பெண்மக்களுக்கு உலாவிலே பேதையும் பெதும்பையும் மங்கையும் உளரெனினும், அவர்களும் வீதியிலே பவனிவரும் தலைவனைக் கண்டு நிற்பதற்காகவே படைக்கப்பட்டவர்கள். பதினான்கு வயதுச் சிறுவனின் குழப்பத்திற்கென்று நம் முன்னோர் ஒரு பிரபந்தம் வகுத்தாரில்லை.

தமிழ்த் திரைப்படமும் நெடுங்காலம் இவ்வழக்கத்தையே பின்பற்றியது. தாயை இழந்த சிறுவனோ தம்பியைப் பிரிந்த அண்ணனோ தெருவிலே ஓடுவான். கமெரா அவன் கால்களைக் காட்டும். மறுகணம் அக்கால்கள் வளர்ந்து கதாநாயகனின் கால்களாகிவிடும். ஓர் ஓட்டத்திலே பத்தாண்டுகள் கழிந்துவிடும் இவ்வித்தையை எத்தனையோ படங்களிற் கண்டு பழகிவிட்டோம். மனிதன் மனிதனாக உருவாகும் ஆண்டுகளே அவ்வோட்டத்தில் மறைந்துபோகின்றன என்பதை அக்காலத்தில் எவரும் ஒரு குறையாகக் கருதவில்லை. அவ்வாண்டுகளைத் தாண்டிச் செல்லாது அவற்றிலேயே தங்கி நின்ற படம் 1979 ஆம் ஆண்டில் வெளிவந்த 'அழியாத கோலங்கள்'. எழுதி இயக்கி ஒளிப்பதிவும் செய்தவர் ஈழத்தவரான பாலு மகேந்திரா.

மட்டக்களப்பையடுத்த அமிர்தகழியிற் பிறந்த பாலு மகேந்திராவுக்குத் திரைப்பட ஆசை தோன்றிய வரலாறு கண்டி வாசகருக்குச் சுவை பயப்பதாகும். 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலப் படத்தை எடுப்பதற்காக டேவிட் லீன் 1956 ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்திருந்தார். களனி கங்கை பாயும் கித்துல்கலையிலே மரப்பாலம் எழுந்தது. பேராதனைப் பூந்தோட்டத்திலும் சில காட்சிகள் எடுக்கப்பட்டன; அத்தோட்டம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் மெய்யாகவே தென்கிழக்காசியப் படைத் தலைமையகமாக விளங்கியது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். பள்ளிச் சுற்றுலாவாக வந்த மாணவர் கூட்டத்தில் ஒருவராய் நின்று பாலு மகேந்திரா அப்படப்பிடிப்பைக் கண்டார். லீன் 'மழை' என்று குரல் கொடுத்ததும் மழை பொழிந்ததாம். அன்றே தாமும் ஓர் இயக்குநராவதென்று உறுதி பூண்டதாகப் பிற்காலத்தில் அவர் கூறியதுண்டு. மழை குழாயிலிருந்து வந்ததென்பது அச்சிறுவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் வியக்கும் வயது அது.

பின்னர் அவர் பூனாவிலுள்ள திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்று 1969 இல் தங்கப்பதக்கம் பெற்றார். 1974 இல் 'நெல்லு' என்னும் மலையாளப் படம் அவரை ஒளிப்பதிவாளராக நிலைநிறுத்தியது. 1977 இற் கன்னடத்திலே 'கோகிலா'வை இயக்கினார். அவர் இயக்கிய இரண்டாவது படமே 'அழியாத கோலங்கள்'.

கதை சிறியது. நகரத்தில் உயர்ந்த உத்தியோகத்தில் இருக்கும் கௌரிசங்கருக்கு ஒரு கடிதம் வருகின்றது. பள்ளிக்காலத் தோழன் பட்டாபி எழுதிய அக்கடிதம், அவர்களுக்குக் கற்பித்த இந்துமதி ஆசிரியை காலமானார் என்று அறிவிக்கின்றது. அச்செய்தி அவனைக் கிராமத்துக்கு அழைத்துச் செல்கின்றது; மனத்தளவில் மட்டுமே. கௌரிசங்கர், பட்டாபி, ரகுபதி என்னும் மூன்று தோழர்கள். வயலும் நீரும் மரநிழலும் அவர்களின் உலகம். களவாகப் புகைபிடித்தல், பெரியவர்களை ஒளிந்திருந்து பார்த்தல், அரைகுறையாய் அறிந்ததை முழுதும் அறிந்ததுபோற் பேசுதல் ஆகியவையே அவர்களின் தொழில். புதிதாக வந்த ஆசிரியை இந்துமதியிடம் மூவரும் மனத்தைப் பறிகொடுக்கின்றனர். அவரோ வேறொருவரை நேசிப்பவர். பின்னர் ரகுபதி நீரில் மூழ்கி இறக்கின்றான். ஷோபா ஆசிரியையாகவும் பிரதாப் போத்தன் அவரின் காதலராகவும் நடித்தனர். வளர்ந்த கௌரிசங்கராகச் சில நிமிடங்களே தோன்றுபவர் கமல்ஹாசன். இசை சலில் சௌத்ரி.

இப்படம் 'சம்மர் ஆப் 42' என்னும் அமெரிக்கப் படத்தின் சாயலிற் பிறந்தது என்று கூறுவாருண்டு. றொபேட் மலிகன் 1971 இல் இயக்கிய அப்படத்திலும் மூன்று சிறுவர் வருகின்றனர். மூத்த பெண்ணொருத்தியிடம் கொண்ட மயக்கம் வருகின்றது. வளர்ந்தவன் தன் கடந்தகாலத்தை நினைவுகூர்வதும் வருகின்றது. சாயலை மறுப்பதிற் பயனில்லை. ஆனால் இரண்டும் பிரியும் இடத்தை நோக்குதல் வேண்டும். அமெரிக்கப் படத்தில் மாண்டுபோகிறவன் அப்பெண்ணின் கணவன். போர்முனையில் அவன் இறந்த செய்தி வந்த இரவிலே, துயரத்தின் மயக்கத்தில், அவள் சிறுவனை ஏற்றுக்கொள்கின்றாள். தமிழ்ப் படத்தில் மாண்டுபோகிறவன் சிறுவரிலொருவன். ஆசிரியையோ இறுதிவரை எட்டாத இடத்திலேயே இருக்கின்றார். அங்கே சிறுவன் ஆணாவது ஒரு பெண்ணால். இங்கே ஒரு சாவினால். கருவைக் கடன் வாங்கியவர் முடிவைக் கடன் வாங்கவில்லை. படத்திலுள்ளது தமது சொந்த இளமையே என்று அவர் கூறியதற்கு அம்முடிவே தக்க சான்றெனலாம்.

மாதா, பிதா, குரு என்று வரிசைப்படுத்தி வணங்கும் சமுதாயத்திலே, குருவினிடத்தில் மாணவர் மயங்குவதைக் கதையாக்குதல் எளிதன்று. சற்றே நிலைதவறினும் அது கீழ்மையாகிவிடும். அஞ்சி ஒதுங்கினாற் பொய்யாகிவிடும். ஷோபாவின் நடிப்பு இவ்விரண்டுக்கும் இடையிலே பாதை கண்டது. ஒப்பனை குறைந்த முகமும் இயல்பான பேச்சும் கொண்ட அவ்வாசிரியை, தம்மிடம் மாணவர் கொண்ட மயக்கத்தாற் சிறுமைப்படவில்லை. அதை அறியாத பேதையாகவும் காட்டப்படவில்லை. அவ்வாண்டே வெளிவந்த 'பசி'க்காக இந்தியாவின் தேசிய விருதைப் பெற்ற ஷோபா, 1980 இல் மிக இளம்வயதிலேயே மறைந்தார். இன்று அப்படத்தைக் காண்போர்க்கு முதற்காட்சியில் வரும் மரணச்செய்தி இருமடங்காகக் கனப்பது இதனாலேயே.

ஆயினும் இப்படத்தில் மிகவும் சிந்திக்கற்பாலது அதில் உள்ளதன்று, இல்லாதது. குடும்பம் எங்கே? சிறுவர்களுக்கு வீடு உண்டு. உணவும் கண்டிப்பும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் அவர்களை வருத்தும் வினாக்களுக்கு அங்கே இடமில்லை. தந்தை பரீட்சையைப்பற்றிப் பேசுவார். தாய் சாப்பாட்டைப்பற்றிப் பேசுவாள். உடலிலே நிகழும் மாற்றத்தைப்பற்றியோ மனத்திலே எழும் கலக்கத்தைப்பற்றியோ எவரும் வாய்திறவார். பெண்பிள்ளை பூப்பெய்தினால் நம் ஊர்களில் நீராட்டு விழா வைத்து உறவினரை அழைத்துச் சொல்கிறோம். அவளுக்கு எது நேர்ந்தது என்பதை மட்டும் அவளுக்கு விளக்கமாகச் சொல்வதில்லை. ஆண்பிள்ளைக்கு அந்த விழாவும் இல்லை. அவன் குரல் உடைவது வீட்டாருக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவே. எனவே மூவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகின்றனர். அறியாதவன் அறியாதவனுக்குக் கற்பிக்கும் அப்பள்ளிக்கூடத்தையே படம் பெரும்பகுதியும் காட்டுகின்றது.

இம்மௌனம் தமிழருக்கு மட்டும் உரியதன்று. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 1968 இல் இயக்கிய 'கொலு ஹதவத்த' என்னும் சிங்களப் படத்தின் பெயருக்கே 'ஊமை இதயம்' என்பது பொருள். கருணாசேன ஜயலத்தின் நாவலைத் தழுவிய அப்படத்தில் சுகத் என்னும் மாணவன் தம்மி என்னும் மாணவியை நேசிக்கின்றான். முற்பாதி அவன் பார்வையிற் செல்கின்றது. அவள் ஏன் விலகினாள் என்பது அவனுக்கும் நமக்கும் விளங்கவில்லை. பிற்பாதி அவள் பார்வையில் அதே நிகழ்ச்சிகளை மீண்டும் காட்டும்போதே, குடும்பத்தின் ஏற்பாட்டினால் அவள் வேறொருவனுக்கு உரியவளாகிவிட்ட செய்தி வெளிப்படுகின்றது. குடும்பம் திரையில் அதிகம் தோன்றாமலே இரு வாழ்வுகளைத் தீர்மானித்துவிட்டது. சத்தியஜித் ரேயின் 'அபராஜிதோ' (1956) வேறு வழியிற் செல்வது. கல்வி நாடிக் கல்கத்தாவுக்குச் சென்ற அபு சிறிது சிறிதாகத் தாயை மறக்கின்றான். தாய் தன் நோயை அவனுக்கு மறைக்கின்றாள். அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் பெற்ற அப்படத்தை வங்க மக்கள் முதலில் உவந்து ஏற்கவில்லை. தாயன்பைத் தெய்வமாக்கிப் பழகியவர்களுக்கு, அவ்வன்பை ஒரு பாரமாக உணரும் மகனைக் காண்பது கசப்பாக இருந்தது போலும்.

வீடு பேசாதுவிட்டால் அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவது? இவ்வினாவுக்குப் போலந்துப் படமொன்று கடுமையான விடையைத் தருகின்றது. வொய்சியெக் மார்ச்செவ்ஸ்கியின் 'டிரெஷ்ட்ஸே' (நடுக்கம்) 1981 இல் எடுக்கப்பட்டு, மறுவருடம் பேர்லின் விழாவில் வெள்ளிக் கரடிப் பரிசு பெற்றது. காலம் 1950 களின் நடுப்பகுதி. தோமெக் என்னும் சிறுவனின் தந்தையை அரசாங்கம் கைதுசெய்கின்றது. சிறுவனோ இளைஞர் பாசறையொன்றுக்கு அனுப்பப்படுகின்றான். அங்கே கட்சிக்கொள்கையில் உறுதியும் ஆர்வமும் மிக்க இளம்பெண்ணொருத்தி வழிகாட்டியாக இருக்கின்றாள். அவள்பாற் கொண்ட மயக்கமும் அவள் போதிக்கும் கொள்கையும் அவனுள்ளே பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடுகின்றன. தந்தையைச் சிறையிலிட்ட கொள்கையையே மகன் நேசிக்கத் தொடங்குகின்றான்.

தோமெக்கின் வழிகாட்டியையும் நம் இந்துமதி ஆசிரியையையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தகும். இருவரும் தந்தையும் தாயும் நிற்கவேண்டிய இடத்திலே வந்து நின்றவர்கள். போலந்திலே குடும்பத்தை அப்புறப்படுத்தியது அரசு. தமிழ்க் கிராமத்தில் அப்படி எவரும் அப்புறப்படுத்தவில்லை, குடும்பம் தானே ஒதுங்கிக்கொண்டது. அங்கே சிறுவனின் மயக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ள ஒரு கட்சி காத்திருந்தது. இங்கே நல்லவேளையாக நல்லாசிரியை ஒருவர் வந்து வாய்த்தார். நல்லவேளை என்பதையே அழுத்திச் சொல்லவேண்டும். வந்தவர் வேறொருவராக இருந்தாலும் அம்மூவரும் அப்படியே மயங்கியிருப்பர். பிள்ளை ஒருவனின் பருவத்தைத் தற்செயலின் கையில் விட்டிருக்கும் வீட்டை இப்படம் வைவதில்லை, காட்டிவிட்டு நகர்கின்றது. இயக்குநர் இன்னும் சற்றுக் கடிந்திருக்கலாம். பெற்றோர் எவரேனும் ஒருவரின் மனத்துக்குள்ளும் அவர் புகுந்திருந்தால் படம் மேலும் ஆழம் பெற்றிருக்கும். முதியோர் உள்ளத்தை நுணுகி நோக்கும் ஆற்றல் அவருக்கு இருந்ததை 1989 இல் வந்த 'சந்தியா ராகம்' நிறுவியது.

இன்னொரு குறையும் சொல்வதற்குண்டு. அதைக் குறையென்பதா இழப்பென்பதா என்று தெளியவில்லை. மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்தவரின் இளமை நினைவு தமிழகத்துக் கிராமமொன்றிலே நடப்பட்டது. பேச்சும் பள்ளியும் அவ்வூருக்கு உரியனவாயின. 1977 இல் தர்மசேன பத்திராஜா யாழ்ப்பாணத்திலே 'பொன்மணி'யை எடுத்து, சீதனத்துக்கும் சாதிக்கும் இடையே நசுங்கும் இளம்பெண்ணை ஈழத்தமிழிலேயே காட்டினார். அவ்வாறு வாவிக்கரைச் சிறுவர் மூவரையும் அவர்தம் சொந்தத் தமிழிற் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை. எனினும் நீர் மட்டும் எல்லை கடந்து வந்திருக்கின்றது. மூவரும் களித்துத் திளைக்கும் நீரே ஒருவனைக் கொண்டுசெல்கின்றது. மகாவலி அணைத்தோடும் பல்லேகலையில் வாழ்வோர்க்கு நீரின் இவ்விரு முகங்களையும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

ரகுபதியின் சாவுக்குப் பின்னர் மற்ற இருவரும் முன்போல் இல்லை. பாட்டியல் நூலார் வகுத்த ஆண்டுக் கணக்கு எதுவும் அங்கே பயன்படவில்லை. ஒருநாட்பொழுதில் அவர்கள் சிறுவரல்லாதவராயினர். துக்கத்தைப்பற்றியும் அவர்களிடம் எவரும் பேசியிருக்கமாட்டார். பல்லாண்டுகளின் பின் ஆசிரியை மறைந்தபோது பட்டாபி அதைத் தெரிவிப்பதற்குத் தேடிக் கடிதம் எழுதியது கௌரிசங்கருக்கே. அவ்விழப்பு இன்னதென்று அறியக்கூடியவர் உலகில் வேறெவரும் எஞ்சியிருக்கவில்லை.